மூட்டைகள் தெரியாத படம்

பழைய ஜெயில் ரோட்டில் பேருந்து நிற்கும்போது நடத்துநர் "ஸ்டான்லி" என்று குரல் கொடுப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் வயதான பெண்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரிடம், "கஞ்சித் தொட்டி வந்துட்ச்சா?" என்று கேட்பார்கள். எங்கள் ஆயா கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை. பிள்ளை பெற்றதும் கஞ்சித் தொட்டியில், தாத்தாவைப் பறிகொடுத்ததும் கஞ்சித் தொட்டியில்.

ஸ்டான்லி என்ற ஆளுநரின் பெயர் அந்த மருத்துவமனைக்கு வந்தது 1930களில்தான். கஞ்சித் தொட்டி அதற்கு நூற்றைம்பது வருடம் மூத்தது. ஹைதர் அலியோடு கும்பெனி போரிட்ட காலத்தில் சுற்றுப்புறக் கிராமங்கள் பாழாகி, சனங்கள் சோற்றுக்கு வழியில்லாமல் மதராசை நோக்கி வந்தார்கள். 1782இல் ஊர் மணியக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார். அந்த இடம் மணியக்காரர் சத்திரமாயிற்று. வெள்ளைக்காரர் வாயில் அது 'மோனேகர் சௌல்ட்ரி'. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகள் இருந்ததால் அங்கேயே மருத்துவமும் தொடங்கியது. அது வளர்ந்து ஆஸ்பத்திரியாகி, பிறகு மருத்துவக் கல்லூரியும் ஆனது. சத்திரம் இன்றும் முதியோர் இல்லமாக இருக்கிறது.

கஞ்சித் தொட்டி என்பது கஞ்சி குடித்தவர்கள் வைத்த பெயர். அதில் ஊற்றியவர் பெயர் இல்லை, வாங்கியவரின் விலா எலும்பும் இல்லை. பாத்திரம் இருக்கிறது, அதில் இருந்த பண்டம் இருக்கிறது. பசியை நினைவில் வைக்க இப்படியும் ஒரு வழி உண்டு என்பது எனக்கு உறைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் நான் வேறு வழியில்தான் பசியைப் பார்க்கப் பழகியிருந்தேன்.

1993. நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும், முழங்கை சட்டைக்கை ஓரத்தில் கூராகத் தெரியும். அவனுக்கு 'சோமாலியா' என்று பெயர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். முதலில் வைத்தது நானாகவே இருக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் என்னை விடவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சோமாலியாவின் படங்கள் எங்கும் வந்துகொண்டிருந்தன: பெரிய தலை, குச்சிக் கால், கண்ணோரத்தில் ஈ. 1992 டிசம்பரில் அமெரிக்கப் படைவீரர்கள் மொகதிஷு கடற்கரையில் இறங்கியதைத் தொலைக்காட்சி விளக்குகள் காத்திருந்து படம் பிடித்தன. அந்த நாட்டின் பெயர் எங்கள் காதில் விழுந்த சில வாரத்திலேயே வசைச்சொல்லாகிவிட்டது. சினிமா நகைச்சுவையும் அதை எடுத்துக்கொண்டது. ஒல்லியான ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் கொட்டகை சிரித்தது.

ஆயாவுக்கு அந்தச் சொல் தெரியாது. விடுமுறையில் ஊர் சுற்றிவிட்டு வெயிலில் வற்றிப்போய் வீடு திரும்பினால், "இன்னாடா, தாது வருசத்துல தப்பிச்சி வந்தவன் கணக்கா கீறே" என்பாள். தாது வருஷத்தை அவளும் கண்டதில்லை. 1876-77இல் நடந்ததை அவளுடைய ஆயா சொல்லிக் கேட்டிருப்பாள். 'பஞ்சத்தில் அடிபட்டவன்' என்ற வழக்கும் அந்தத் தலைமுறைகளின் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் வயதுக்காரர்கள் அதைக் கைவிட்டுச் சோமாலியாவைப் பிடித்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பஞ்சம் நாக்கிலிருந்து இறங்கிப்போய், இன்னொரு கண்டத்தின் பஞ்சம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதை வெறும் மொழி மாற்றமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆயாவின் வசவில் பஞ்சம் பட்டவர்கள் நம்மவர்களாக இருந்தார்கள்.

தாது வருஷத்துப் படங்களை நான் பார்த்தது மிகப் பிந்தி. வில்லோபி வாலஸ் ஹூப்பர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி, புகைப்படக்காரர். பஞ்சத்தில் அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஒரு படத்தில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். தோலுக்கடியில் எலும்புகளை எண்ணிவிடலாம். ஒரு தாயின் மடியில் குழந்தையா, துணிச்சுருளா என்று தெரியாத ஒன்று கிடக்கிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் சில கணமாவது ஆடாமல் இருக்க வேண்டும். நிற்கவே தெம்பில்லாதவர்களை ஒருவர்மேல் ஒருவர் சாய்த்து நிலைநிறுத்தி எடுத்திருக்கிறார்கள். யாருடைய பெயரும் இல்லை. முகங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: 'ஆப்பிரிக்கா மாதிரி இருக்கிறதே.' என் பாட்டன் பூட்டன்களைப் பார்த்து எனக்கு அப்படித்தான் தோன்றியது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்தப் படங்களைப் பல நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். படம் பசியைக் காட்டியது. பசி எங்கிருந்து வந்தது என்று அதில் தேடினால் வெறும் மண்தரையும் வெற்றுச் சுவரும்தான். இந்த ஊர்க் கடற்கரையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளப் படத்தை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. வில்லியம் டிக்பி அந்தக் காலத்தில் மதராசில் பத்திரிகை ஆசிரியர். 1878இல் அவர் எழுதிய இரண்டு தொகுதிகளில் இந்தக் கதை கிடக்கிறது. துறைமுகம் கட்டும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கப்பல்கள் ஆழத்தில் நிற்க, மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கரை சேர்த்தன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் கடற்கரையில் மலைபோல் குவிந்தன. காவலும் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ரயில் ஏறி உள்ளே போன அரிசி, சேருமிடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றது. விளைச்சல் போனதால் கூலி போனது. கூலி போனவனுக்கு மூட்டை எத்தனை உயரம் இருந்தால் என்ன? ராயபுரம் ஸ்டேஷன் 1856இலேயே வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. தண்டவாளம் இருந்தால் பஞ்சம் வராது என்று நம்பியவர்கள் அன்று நிறையப் பேர்.

அந்தப் பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை வெளியே போவதும் நிற்கவில்லை. தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் அவர் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் லிட்டனின் பஞ்சப் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் மதராசுக்கு வந்தார். மூன்று வருடம் முன்பு பீகாரில் தாராளமாக அரிசி வரவழைத்து மக்களைச் சாகாமல் காத்தவர் அவர். ஆனால் காசை வாரி இறைத்தார் என்று திட்டும் வாங்கியிருந்தார். அந்த வடு ஆறாமல் இங்கே வந்து, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். அதாவது சுமார் 450 கிராம். கூட ஓர் அணா. மண் வெட்டிச் சுமக்கும் ஆளுக்கு இது. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். சில மாதம் கழித்துத்தான் அளவு கூடியது. அந்தச் சில மாதங்களுக்குள் முகாம்களில் செத்தவர்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

எங்கள் பகுதிக் குழந்தைகள் கூவத்துக்கு அடுத்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இதில் பங்கு உண்டு. எண்ணூர் வரைக்குமான வடபகுதி 1806இல் தொடங்கிய பழைய வெட்டு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் 1877-78இல் பஞ்ச நிவாரணமாகத் தோண்டியது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டினார்கள். தோண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் நம் கையில் இல்லை. ஆனால் அவர்கள் உடலைப் பற்றிய பட்டியல் ஒன்று உண்டு. அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர், மதராஸ் பஞ்ச முகாமில் இறந்த 459 பேரின் உடலை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகளை நிறுத்துக் குறித்துவைத்து 1889இல் நூலாக வெளியிட்டார். பட்டினி மனித உடலை என்ன செய்கிறது என்று பின்னாளில் ஆராய்ந்த அறிவியலாளர்கள் அந்தக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு 450 கிராம் நிறுத்துப் போட்டார்கள். இறந்த பிறகு அவர்கள் இருதயத்தை நிறுத்தார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஆப்பிரிக்கப் படங்களிடம் திரும்பியபோது அவை எனக்கு வேறாகத் தெரிந்தன.

எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணத்தில் 1973இல் பஞ்சம். ஜொனாதன் டிம்பிள்பி எடுத்த படம் அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்து உலகத்தை உலுக்கியது. பட்டினி கிடந்தவர்கள் அதில் தெரிந்தார்கள். பிற்பாடு அமர்த்தியா சென் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்து, நாட்டின் மொத்த விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை, வொல்லோவிலிருந்து உணவு வெளியேகூடப் போனது, அங்கிருந்த ஏழைகளிடம் வாங்கும் சக்திதான் இல்லாமல் போனது என்று காட்டினார். தாது வருஷத்தைத் தெரிந்தவனுக்கு இது அடையாளம் தெரிகிற கதை. 1981இல் வந்த அவருடைய நூலைப் படித்தபோது மசூலாப் படகுகள்தான் எனக்குள் ஆடின.

அடுத்தது 1984. அக்டோபர் 23ஆம் தேதி, அதே எத்தியோப்பியாவின் கோரம் என்ற ஊரிலிருந்து மைக்கேல் பியூர்க்கின் செய்தி பிபிசியில் வந்தது. கேமரா பிடித்தவர் முகமது அமீன். நைரோபியில் பிறந்தவர், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அங்கே போன குடும்பம். விடியற்காலைக் குளிரில் சமவெளி முழுக்க மனிதர்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். அதை விவிலியக் காலத்துப் பஞ்சத்தோடு ஒப்பிட்டுச் சொன்னார் பியூர்க். அழுத்தமான ஒப்புமைதான். ஆனால் விவிலியக் காலம் என்று சொன்னதும் பஞ்சம் வானத்துக்கும் கடவுளுக்கும் இடையிலான விவகாரமாகிவிடுகிறது. மெங்கிஸ்து அரசு டிக்ரேயிலும் வொல்லோவிலும் நடத்திக்கொண்டிருந்த போர், குண்டு விழுந்த சந்தைகள், கிளர்ச்சிப் பகுதிக்குத் தானியம் போகவிடாத தந்திரம் எல்லாம் மழையின்மைக்குப் பின்னால் மறைந்துகொண்டன. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு லண்டனில் பாடகர்கள் சேர்ந்து பாடிய பாட்டு, அங்கே ஆறே ஓடாது என்கிற மாதிரிப் போனது. நீல நைல் பிறப்பது அந்த நாட்டின் தானா ஏரியில்.

எங்களுடைய 1993க்கு வருகிறேன். அந்த மார்ச் 26ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் வந்தது. தெற்கு சூடானின் அயோத் கிராமம். குப்புறக் கவிழ்ந்து தலை தொங்கிய ஒரு குழந்தை, சற்றுத் தள்ளி ஒரு பிணந்தின்னிக் கழுகு. தமிழ் வார இதழ் ஒன்றில் அதைப் பிறகு பார்த்தேன். வகுப்பில் எல்லோரும் அதைச் சோமாலியா என்றே பேசிக்கொண்டோம். சூடான் என்று எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. மறுவருடம் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற சில மாதங்களில், 1994 ஜூலையில், கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். அவர் படம் எடுத்தது சரியா, குழந்தையைத் தூக்கியிருக்க வேண்டாமா என்ற விவாதம் முப்பது வருடமாக ஓயவில்லை. அந்த விவாதத்தில் எனக்கு ஈடுபாடு குறைவு. செத்துப்போன ஒருவரைக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் ஜூரியாக உட்கார்ந்துகொள்வது மிகச் சுலபம்.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. குழந்தையின் கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. நிவாரண மையத்தில் பெயர் பதிந்தவர்களுக்குக் கட்டும் பட்டை அது. பக்கத்தில்தான் உணவு மையம். உணவு கொண்டுவந்த விமானமும் அங்கேதான் இறங்கியிருந்தது. பெரியவர்கள் உணவு வாங்க ஓடியிருந்தார்கள். 2011இல் ஒரு ஸ்பானிய நாளேடு அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்து, அது ஆண் குழந்தை, அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக்கொண்டான், வளர்ந்த பிறகு சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் இறந்தான் என்று எழுதியது. வளையம் படத்திலேயே இருந்தது. கோடிப் பேர் பார்த்தோம். கழுகைப் பார்த்தோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு தாய் இருக்கிறாள், அவள் இப்போது ஒரு வரிசையில் நிற்கிறாள், அவனைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஓர் ஆள் இருக்கிறார் என்பதை மணிக்கட்டு சொல்லிக்கொண்டிருந்தது. தனித்து விடப்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தையைப் பார்க்கத்தான் எங்கள் கண்ணைப் பழக்கியிருந்தார்கள்.

பழக்கியதில் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பியாஃப்ரா போர் நடந்த 1967-70 முதல், வயிறு உப்பிய ஒற்றைக் குழந்தை, நேராகக் கேமராவைப் பார்க்கும் கண், அடியில் வங்கிக் கணக்கு எண் என்பது நன்கொடை விளம்பரத்தின் வாய்பாடாயிற்று. தகப்பன் இருக்க மாட்டார், ஊர் இருக்காது, அரசு, கடன், துப்பாக்கி வியாபாரி யாரும் இருக்க மாட்டார்கள். எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனைக்குக் காசு குறையும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். யோர்கன் லிஸ்னர் என்ற டேனிஷ்காரர் அந்த வேலைக்குள் இருந்தவர். 1981இல் அவர் இதை ஆபாசப் படத்தோடு ஒப்பிட்டு எழுதினார். ஒரு மனித உடலை, அதற்குரிய மரியாதை இல்லாமல், எல்லோரும் பார்க்கத் திறந்து வைப்பது இரண்டிலும் நடக்கிறது என்பது அவர் வாதம். 1989இல் ஐரோப்பியத் தொண்டு அமைப்புகள் கூடிப் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை ஏற்றன. அதற்குப் பிறகும் ஒற்றைக் குழந்தை போகவில்லை. 1992இல் வந்தது, 2011இல் வந்தது. பெருவிழாக் காலத்தில் இப்போதும் வருகிறது.

ஆனால் படத்தால் பயனே இல்லை என்று சொல்பவனல்ல நான். 1877 ஆகஸ்டில் மதராஸ் ஆளுநர் லண்டனுக்கு உதவி கேட்டபோது, அந்நகர மேயரின் தலைமையில் திரண்ட நிதி 5 லட்சம் பவுண்டைத் தாண்டியது. படப் பத்திரிகைகளில் வந்த சித்திரங்களுக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பணத்தில் விதை நெல் வாங்கினார்கள், கூரை போட்டார்கள். 1984இன் காட்சிகளால் போன தானியத்தில் பிழைத்தவர்கள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பார்கள். அவர்களிடம் போய் அந்தப் படம் எடுத்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வருத்தம், படத்தை எங்கே வெட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு முழம் தள்ளி வெட்டியிருந்தால் மூட்டை தெரிந்திருக்கும்; மூட்டை தெரிந்தால் அது யாருடையது என்ற கேள்வி எழுந்திருக்கும். அப்படி எழாமல், நிதி மட்டும் எழும்படியாக வெட்டுகிறார்கள்.

எங்கள் கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு பழைய வழி உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1860 அக்டோபரில் மதராசிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு புறப்பட்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் கரை சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கப்பல். பிறகு ஐம்பது வருடம் கப்பல்கள் போயின. ஊரில் சோறு இல்லாமல் போனவர்களும் அவற்றில் இருந்தார்கள். தமிழன் பசியாறப் போன கண்டம் ஆப்பிரிக்கா. அங்கே உடைந்துபோக உழைத்து அரை வயிறு உண்டார்கள் என்பது வேறு துயரம். ஆனாலும் அந்த மண்ணில் விளைந்தது அவர்கள் வாயில் விழுந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

பசியைப் படமில்லாமல் சொன்ன வள்ளலாரிடம் வருகிறேன். அவரும் எங்கள் வட்டாரத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. ஏழுகிணற்று வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்து நடந்து தேய்ந்த கால்கள் அவருடையவை. ஒருநாள் கோயிலிலிருந்து இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பி, வீட்டாரை எழுப்ப மனமில்லாமல் திண்ணையில் பசியோடு படுத்துவிட்டார். வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறிட்டாள் என்று திருவொற்றியூரில் சொல்வார்கள். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசியைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வருகிறது. பசித்தவன் கண்ணும் காதும் அறிவும் ஒவ்வொன்றாக எப்படி மங்குகின்றன என்று படிப்படியாகச் சொல்லிப்போகிறார். உடலின் மாற்றங்கள்தான் அவையும். ஆனால் அந்த விவரிப்பில் நாம் எதிரே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. பசித்த உடம்புக்குள் இருந்துகொண்டு அது அணைவதைக் கேட்கிறோம். பசியை வெளியே சொல்ல மானம் தடுத்து, சொல்லாமலிருக்க உயிரும் பொறுக்காமல், வாயடைத்து நிற்பவர்களை அவர் தனியாக நினைக்கிறார். பசித்தவருக்கு மானம் உண்டு என்பது அவர் எழுத்தில் முதலிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். விளம்பரப் படத்தில் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகுகள், வலைகள், சதுப்புக் காடு எல்லாம் கறுத்தன. மீனவர் கைகளின் படம் நாடு முழுக்கப் போயிற்று: எண்ணெய் வழியும் இரண்டு உள்ளங்கை, பின்னால் மங்கலான தண்ணீர். ஆலைகளும் குழாய்களும் பக்கத்திலேயேதான் இருந்தன. பெரும்பாலான படங்களில் அவை இல்லை. அந்த வாரம் அங்கே ஒரு தெருவில் நின்றிருந்தேன். ஒரு குழுவினர் அரிசிப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொன்னான் ஒரு இளைஞன். கெட்ட எண்ணம் அவனுக்குக் கிடையாது. அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பையைப் பிடித்தபடி அந்த அம்மாள் கேட்டாள்: "அரிசிக்கு மூஞ்சி எதுக்கு நைனா? கைய எடுத்துக்கோ." அவன் அதையும் படம் எடுத்தான். அவள் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பஞ்சம் இந்தக் கரையை விட்டுப் போன கதையில் பார்க்கும்படியான படம் எதுவும் கிடையாது. 1880இன் பஞ்ச ஆணையம், அதிலிருந்து வந்த பஞ்ச விதிகள், பிறகு ரேஷன் கார்டு, 1982இல் விரிந்த சத்துணவு. தராசில் அரிசி நிறுக்கும் ஊழியரையோ, பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் பருப்பு கடையும் ஆயம்மாவையோ யாரும் சுவரொட்டியாகப் போட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் காசிமேட்டுப் பையன் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில்தான் நிற்பான். நாங்கள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

போன வருடம் அவனைத் துறைமுகத்து ஏலக் கூடத்தில் பார்த்தேன். ஐஸ் வியாபாரம். ஆள் நன்றாக உடம்பு போட்டிருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் அந்தப் பெயரை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எங்க நைனா கட்டுமரத்துல போயி திரும்பல. அம்மா இங்க ஐஸ் பொட்டி கழுவிச்சு. நானு ராத்திரி ரெண்டு மணிக்கு அது கூட வந்துட்டு, அப்புறம் குளிச்சிட்டு ஸ்கூலுக்கு வருவேன்," என்றான். "நீங்கள்லாம் அப்படிக் கூப்புடறப்ப நானு அது ஏதோ தூரத்து ஊருன்னு நெனச்சிக்குவேன். இன்னா பண்ணுவாங்க அந்த ஊர்ல, அவங்க அம்மா எங்க போயிருக்கும்னு யோசிப்பேன்." மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அவன் அப்பா கடலில் போனது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சோமாலியா என்று ஒரு சொல் கையில் இருந்ததால் எனக்கு விசாரிக்கத் தோன்றவே இல்லை. அவன் ஒருவனுக்குத்தான் அந்தச் சொல்லுக்குள் ஒரு தாய் இருந்திருக்கிறாள்.

கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். இலங்கையின் வன்னிக்காரர், அங்கே போர் முடிந்து வந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதற்குப் பிறகு 2009 மே வரைக்கும் அந்தச் சனங்கள் பட்ட பட்டினிக்கு உலகம் பார்க்கும்படியான படங்கள் மிகக் குறைவு. அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையிலும் செல் குண்டு விழுந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று பெயர். 2024இல் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அதற்காகப் பெண்களைக் கைதுகூடச் செய்தார்கள்.

போன மே 18ஆம் தேதி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சிறு சட்டியில் காய்ச்சி, முற்றத்தில் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சிரட்டையில் ஊற்றினார். அந்த நாட்களில் எடுத்த படம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று, கட்டுரை எழுதுகிறவனின் பழக்கத்தில், கேட்டுவிட்டேன். அவர் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுக் கிளறினார்.

"படம் ஒண்டும் இல்லைத் தம்பி. குடிச்சுப் பாருங்கோ, உப்புக் காணுமோ?"